சிமியோன் சொன்ன வாள்

வியாகுல மாதாவின் திருவுருவத்தை நாம் பல ஆலயங்களில் கண்டு வணங்கியிருக்கிறோம். மார்பில் ஒரு சிறு கத்தி பதிந்திருக்கும். சில இடங்களில் ஏழு. அணிகலன் போன்ற அக்கத்தியைக் கண்டு பழகிய நமக்கு, முதியவர் சிமியோன் உரைத்த வாள் எத்தகையது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

நற்செய்தியாளர் லூக்கா அவ்விடத்தில் (2:35) எழுதிய கிரேக்கச் சொல் 'ரொம்பாயா'. கிரேக்க நாட்டிற்கு வடக்கே, இன்றைய பல்கேரியாவிலும் அதைச் சூழ்ந்த நிலங்களிலும் வாழ்ந்த திரேசியரின் படைக்கலத்திற்கு வழங்கிய பெயர் அது. ரொடோப்பி மலைப்பகுதியில் கிடைத்தவற்றைப் பார்த்தால், நீண்டு ஒடுங்கிய இரும்பு அலகு, ஒரு புறம் மட்டும் கூர், அதைத் தாங்க நீண்ட மரக்காம்பு. வாளென்றும் ஈட்டியென்றும் உறுதியாகச் சொல்ல இயலாத கருவி. கி.மு. 168இல் பித்னாப் போர்க்களத்திற்கு மாசிதோனிய மன்னனின் பக்கம் வந்த திரேசியரைப் புளூட்டார்க் வருணிக்கிறார்: கறுப்பு உடை, பளபளக்கும் வெண்கேடயம், வலத்தோளில் நிமிர்ந்தாடும் இரும்புக் கனம். லீவியோ, காட்டுப்போர் ஒன்றில் மரக்கிளைகளுக்கிடையே இவற்றின் நீளமே இவர்களுக்கு இடையூறானதை எழுதியுள்ளார்.

லூக்கா திரேசிய வீரரை மனத்தில் கொண்டு எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் காலத்திற்குள் அச்சொல் பெருவாளுக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அவருக்கு அது எழுபதின்மரின் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் பழகிய சொல். ஏதேன் தோட்டத்து வழியைக் காத்த சுடர்வாள் அங்கே ரொம்பாயா. கோலியாத்தின் தலையைக் கொய்யத் தாவீது உருவியதும் ரொம்பாயா. ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் எடுத்துச் சென்றதோ 'மக்கைரா'. கெத்சமனியில் பேதுரு வீசியதும் அதுவே. புதிய ஏற்பாட்டில் ரொம்பாயா ஏழே முறை வருகிறது. ஆறு திருவெளிப்பாட்டில், எஞ்சிய ஒன்று மரியாவை நோக்கிச் சொல்லப்பட்டது.

எசேக்கியேல் 14ஆம் அதிகாரத்தை இங்கே புரட்டிப் பார்க்கவேண்டும். நாட்டை ஊடுருவிச் செல்லும்படி ஆண்டவர் ஒரு வாளுக்குக் கட்டளையிடுகிறார்; நேர்மையாளர் மட்டுமே தப்புவர். எழுபதின்மர் அங்கு எழுதிய வாளும் ரொம்பாயாவே. 'ஊடுருவிச் செல்' என்னும் அதே வினையைத்தான் லூக்காவும் எழுதுகிறார். அவ்வாறாயின், சிமியோன் கூறியது மகனை இழக்கும் தாயின் துயரத்தை மட்டுமன்று. பலரின் வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் காரணமாகும் அக்குழந்தையின் முன் இஸ்ரயேல் முழுவதும் பிரிக்கப்படும். பெற்ற தாயும் அந்த வாளின் பாதையில்தான் நிற்கிறார். அவருக்கும் விலக்கில்லை. வியாகுல மாதாவின் மார்பிலுள்ள வெள்ளிக் கத்தி இதைச் சொல்வதில்லை.

இவ்வாளைச் சிலுவையடியில் மரியாவைத் தாக்கிய ஐயம் என்றார் ஓரிஜன். அது நமக்கு உவப்பாயில்லை. புனித அம்புரோசியார் எபிரேயர் மடலை நினைந்து, இறைவார்த்தையே அவ்வாள் என்று கொண்டார். கிரேக்க மூலத்தில் அம்மடல் சொல்வது மக்கைராவை என்றாலும், அவர் கொண்ட பொருள் எசேக்கியேலுக்கு அண்மையில் நிற்கிறது. பீடத்தின்முன் செபமாலை சொல்லும் நம் பாட்டிமார் கண்ட பொருளும் பொய்யன்று. மகனின் சாவைக் கண்டு நின்ற தாயின் மார்பில் வேறு எதைச் செருகிக் காட்ட முடியும்?

நம் தமிழ் விவிலியத்தில் அவ்விடத்தில் நிற்பது 'வாள்'. தொல்காப்பியத்தின் உரியியல் இச்சொல்லுக்கு ஒளி என்று பொருள் கூறுகிறது. மொழிபெயர்த்தவர்கள் அதை எண்ணியிருக்கமாட்டார்கள். கிரேக்கச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஆயினும் வாளைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்னர்தான், குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோன் அதைப் பிற இனத்தாருக்கு ஒளி என்று பாடியிருந்தார். பிப்ரவரி 2ஆம் நாள் மெழுகுதிரி ஏந்தி ஆலயத்துள் நுழையும் நாம் கேட்கும் அதே நற்செய்திப் பகுதியில்தான் இந்த வாளும் இருக்கிறது.