ஜொகூர்த் தபால்தலைகளும் அவற்றை விற்ற கடைகளும்

1876ஆம் ஆண்டில் ஜொகூர் நாட்டிற்கென்று முதன்முதலாக ஒரு தபால்தலை ஏற்பட்டது. அது புதிதாக அச்சிடப்பட்டதன்று. நீரிணைக் குடியேற்றங்கள் என்று வழங்கிய சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகியவற்றுக்கு உரிய இரண்டு செண்டுத் தலையை எடுத்து, அதிலிருந்த விக்டோரியா அரசியாரின் உருவத்தின்மேல் பிறையும் விண்மீனும் கொண்ட முத்திரை ஒன்றைக் கையால் குத்தினார்கள். அப்போது ஜொகூரை ஆண்டவர் மகாராஜா அபூபக்கர். 1885இல் அவர் சுல்தான் பட்டம் பெற்றார். அதனையொட்டிய ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்றத் தலைகளின்மேல் ஜொகூர் என்னும் பெயர் அச்சேறியது. 1891இல் சுல்தானின் உருவமே தாங்கிய தலைகள் வெளிவந்தன. அயல்நாட்டு அரசியாரின் முகத்தில் பிறை விழுந்ததற்கும் அம்முகம் அடியோடு நீங்கியதற்கும் இடையில் சென்றவை பதினைந்து ஆண்டுகளே. அந்தப் பதினைந்து ஆண்டு அரசியலை மூன்று சிறு காகிதத் துண்டுகளில் படித்துவிடலாம். படிக்கக் கற்பிப்பவர் ஒருவர் மட்டும் வேண்டும்.

இதற்கு முந்திய கதையோ தமிழருக்கும் உறவுடையது. 1854 முதல் 1867 வரை சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் பினாங்கிலும் வழங்கியவை இந்தியத் தபால்தலைகளே. அவ்வூர்களின் ஆட்சி அந்நாளில் கல்கத்தாவோடு பிணைந்திருந்தது. 1867இல் அவை இலண்டனின் நேர் ஆட்சிக்கு மாறியபோதும் புதிய தலைகள் உடனே வந்துவிடவில்லை. இருந்த இந்தியத் தலைகளின்மேல் கிரீடமும் செண்டுக் கணக்கும் அச்சிட்டுச் சில காலம் ஓட்டினர். எனவே பினாங்கில் கடை வைத்திருந்த தமிழர் ஒருவர் 1860இல் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டியிருக்கக்கூடியது, ஊரிலிருந்து வந்த பதிற்கடிதத்தில் இருந்த அதே நாட்டுத் தலைதான்.

இத்தகைய செய்திகளைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இவற்றை நெடுங்காலம் காத்துவந்தவை தபால்தலை, நாணயம் விற்ற சிறு கடைகள். ஜொகூர் பாருவிலும் மற்றப் பட்டணங்களிலும் அக்கடைகள் அண்மைக்காலத்தில் அருகிவிட்டன. இணையவழி வாணிகம் அவற்றை விழுங்கிவிட்டது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அது உண்மையே ஆயினும் முழு உண்மையன்று.

தபால்தலை வாணிகம் பிறந்ததே தபாலில்தான். இங்கிலாந்தில் பிளிமத் என்னும் துறைமுக ஊரில், 1856இல், ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இளைஞர் தம் தந்தையாரின் மருந்துக்கடையின் ஒரு மூலையில் தபால்தலை விற்கத் தொடங்கினார். 1865இல் அவர் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டார். 1874இல் தொழிலை இலண்டனுக்கு மாற்றினார். அவருடைய பெயரால் வரும் பட்டியலே ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் தலைகளுக்கெல்லாம் இன்றும் அளவுகோலாக இருந்துவருகிறது. பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்பித் தருவிப்பது அந்நாளிலேயே பெருவழக்கு. இன்னொரு வழக்கமும் இருந்தது: வணிகர் ஒரு சிறு ஏட்டில் தலைகளை ஒட்டி முன்பணமின்றியே அனுப்பிவைப்பார், பெற்றவர் வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் விலையோடு மீதியைத் திருப்பி அனுப்புவார். முகம் அறியாத சிறுவனையும் நம்பி நடந்த வாணிகம் அது! ஆகவே தொலைவிலிருந்து வாங்குவது இத்துறைக்குப் புதிதன்று. தபால்வழி விற்பனையும் கடையும் நூறாண்டுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. இணையம் வந்தபின் மட்டும் கடை ஏன் சாய்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

கடை செய்துவந்த வேலை யாது என்பதை முதலில் காணவேண்டும். ஜொகூரின் தலைகளே இதற்கு நல்ல சான்று. சுல்தான் இப்ராகிம் 1895 முதல் 1959 வரை அரியணையில் இருந்தார். 1904இல் வந்த தலைகளின் வடிவம், சிறு மாறுதல்களோடு, இரண்டாம் உலகப் போர் வரை நீடித்தது. முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவற்றுட் பல ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு தாளின் உள்ளே இருக்கிறது. 1910 முதல் வந்த தலைகளின் தாளில் பூ வடிவான நீர்க்குறி பரவியிருக்கும். 1918 முதல் கிரீடமும் சி.ஏ. என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் காணப்படும். 1922 முதல் அதே எழுத்துகள் சாய்ந்த கையெழுத்து வடிவம் பெறும். அவ்வெழுத்துகள் குடியேற்ற நாடுகளுக்காக இலண்டனில் கொள்முதல் செய்த அரசு முகவர்களைக் குறிப்பன. ஜொகூர் 1914இல் ஆங்கிலேயரின் பொது ஆலோசகரை ஏற்றுக்கொள்ள நேர்ந்ததையும், சில ஆண்டுகளில் ஜொகூருக்குரிய பூ மறைந்து முகவரின் எழுத்து தாளில் புகுந்ததையும் சேர்த்து எண்ணுகிறவருக்கு, நீர்க்குறியும் ஒரு சாசனமே.

இதனைக் காணும் முறை எளியது. கறுப்புத் தட்டு ஒன்றில் தலையைக் கவிழ்த்து வைத்துச் சில துளி பென்சின் விட்டால் ஓரிரு நொடிகளுக்குக் குறி எழுந்து மறையும். எளியதாயினும் ஒருமுறையேனும் ஒருவர் செய்து காட்டவேண்டும். கடைக்காரர் அதனைச் செய்து காட்டினார். இடுக்கியால் தலையை எடுப்பது எப்படி, ஓரத்துப் பற்களை எண்ணுவது எப்படி, பசை போன தலைக்கு மறுபசை தடவி ஏமாற்றுவதைக் கண்டுகொள்வது எப்படி என்பனவெல்லாம் கண்ணாடிப் பெட்டியின் மறுபுறம் நின்று கற்றவையே. கையால் குத்திய 1876ஆம் ஆண்டுப் பிறையைப் போலியாகச் செய்வது அரிதன்று. உண்மையானதோடு பொய்யானதையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்கே கண் பழகும்.

ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டும் உண்டு. சுல்தான் இப்ராகிம் முடிசூடியதன் நினைவாக 1896இல், இருந்த தலைகளின்மேல் ‘முடிசூட்டல்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லை அச்சிட்டார்கள். அச்சுக்கோத்தவர் கை தவறியதால் சில தலைகளில் ‘ம’ ஒலிக்குரிய ஆங்கில எழுத்துக்குப் பதிலாக ‘ட’ ஒலிக்குரிய எழுத்து வந்துவிட்டது. அப்பிழைத் தலைகள் இன்று சரியான தலைகளைவிடப் பன்மடங்கு விலை பெறுகின்றன. பிழையாய்ப் போன அச்சொல்லின் வேராகிய ‘மக்கோத்தா’, தமிழில் வழங்கும் ‘மகுடம்’ என்பதனோடு ஒரே வடமொழி மூலத்திலிருந்து வந்தது. தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் இத்தலையைக் காட்டினால் மொழிநூல், வரலாறு, அச்சுக்கலை மூன்றையும் ஒரு மணி நேரத்தில் தொடலாம்.

தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்குத் தபால்தலை கையில் விழுந்த வழி வேறு. 1909இல் ஜொகூரின் இரயில்பாதை கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை நிறைவெய்தியது. அப்பாதையை ஒட்டிய லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் ஆகிய ஊர்களைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதம் தோட்டத்தில் ஒரு திருநாள். கடிதத்தைப் பெரியவர் படித்து முடித்ததும் உறையின் மூலை பிள்ளைகளுக்கு. அதைக் கத்தரித்து நீரில் ஊறவைத்து உரித்து, பழைய கணக்கு நோட்டில் ஒட்டுவார்கள். 1960ஆம் ஆண்டில் இந்தியா பிப்ரவரியில் திருவள்ளுவருக்கும் செப்டம்பரில் பாரதியாருக்கும் தபால்தலை வெளியிட்டது. இரண்டும் பதினைந்து புதுக்காசுத் தலைகள். மாற்றிக்கொள்ளவும் மிகுந்ததை விற்கவும் பட்டணத்துக் கடை உதவியது. பெரும்பாலும் கடைக்காரர் சீனர். பேச்சு பஜார் மலாயில் நடக்கும். தமிழர் பங்கு நாணயத்தின் பக்கம் கூடுதல். ஜொகூர் பாருவில் வோங் ஆ பூக் சாலையை அடுத்துப் பணம் மாற்றும் தொழிலில் இருந்த தமிழ் முஸ்லிம்களின் கண்ணாடிப் பெட்டிகளில், வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியர் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு போன்றவையும் இடம்பெறுவதுண்டு.

இக்கடைகளுக்குக் கடல்கடந்த வாடிக்கையும் இருந்தது. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட பாலம் சிங்கப்பூரை ஜொகூர் பாருவின் வாசலுக்குக் கொண்டுவந்தது. 1973 மே மாதம் வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லும். அச்சமநிலை நீங்கியபின் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு உயர்ந்துகொண்டே போயிற்று. அதனால் சிங்கப்பூர்ச் சேகரிப்பாளருக்கு ஜொகூர் மலிவான சந்தையாயிற்று. இந்தச் சலுகை கடைகளை வாழவைத்தது. ஆனால் உள்ளூர்ச் சிறுவனின் காசைவிட அயல்நாட்டாரின் காசைக் கடை நம்பத் தொடங்கியதும் அப்போதே எனலாம்.

சாய்வு மூன்று பக்கங்களிலிருந்து வந்தது. முதலாவது, கடிதமே நின்றுபோயிற்று. தொலைபேசியும் பின்னர் மின்னஞ்சலும் கைப்பேசியும் வந்தபின் உறையின் மூலை பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. இக்காரணத்துக்கும் இணையக் கடைக்கும் தொடர்பில்லை. அத்தகைய கடை ஒன்றுகூட ஏற்படாதிருந்தாலும் இது நிகழ்ந்திருக்கும். இரண்டாவது, வணிகத்தின் சொந்தப் பிழை. உலகெங்கும் தபால் நிலையங்கள் தேவைக்கு மிஞ்சித் தலைகளை அச்சிட்டன. முதல்நாள் உறைகளை வாங்கி வைத்தால் பிள்ளையின் திருமணத்திற்கு உதவும் என்பதுபோல் ஆசை காட்டப்பட்டது. வாங்கியவர் பின்னர் விற்க வந்தபோது முகமதிப்புக்கூடக் கிடைக்கவில்லை. அவ்வாறு ஏமாந்த தந்தை தம் மகனைத் தபால்தலைக் கடைக்கு அனுப்புவாரா?

மூன்றாவதுதான் இணையம். அமெரிக்காவில் 1995இல் ஈபே தொடங்கியது. தென்கிழக்காசியாவில் 2012இல் லசாடாவும் 2015இல் ஷாப்பியும் வந்தன. பழைய தபால்வழி வாணிகத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு வேகம் மட்டுமன்று. முன்பு ஒரு தலையின் சந்தை விலை கடைக்காரருக்கே தெரியும். அச்சிட்ட பட்டியலின் விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவருடைய பிழைப்பு. ஏலத்தில் ஒவ்வொரு தலையும் என்ன விலைக்குப் போயிற்று என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த அன்றே அவ்விடைவெளி சுருங்கிவிட்டது. இதில் நன்மையும் உண்டு. விவரம் அறியாமல் தாத்தாவின் ஏட்டைக் கொண்டுவந்தவரிடம் அற்ப விலைக்கு வாங்கிய கடைக்காரர்களும் இருந்தார்கள், அவர்களுக்காக இரங்கவேண்டியதில்லை. சிகாமட்டில் இருக்கும் ஓர் ஆசிரியர் 1896ஆம் ஆண்டுப் பிழைத் தலையின் தெளிவான படத்தை வீட்டிலிருந்தே காணலாம் என்பது சிறிய பேறன்று.

ஆனால் கடைக்காரர் கற்பித்ததற்குத் தனிக் கட்டணம் வாங்கியதில்லை. அதுவும் அந்த இடைவெளியிலிருந்தே வந்தது. விலையின் இடைவெளி போனபோது பாடமும் போயிற்று. சிறு விமானம், கார் முதலியவற்றின் மாதிரிகளை விற்ற கடைகளின் நிலை வேறு. ஆலையிலிருந்து வரும் ஒரு பெட்டி இன்னொரு பெட்டியைப் போன்றதே. எங்கே மலிவோ அங்கே வாங்கலாம், பொருளில் குறைவில்லை. தபால்தலையோ ஒவ்வொன்றும் தனி உயிர். திரையில் தெரிவது அதன் முகம். நீர்க்குறி இருப்பது முதுகில்.

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கடைகள் மூடப்பட்டன, பாலத்து எல்லையும் அடைபட்டது. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாள். சிங்கப்பூர் வாடிக்கையை நம்பிய ஜொகூர் பாருக் கடைக்கு ஈராண்டு வாடகை பெருஞ்சுமை. ஏற்கெனவே தளர்ந்திருந்த கடைகளுக்கு அது கடைசி அடியாயிற்று. தொழிலை விடாதவர்கள் சரக்கை வீட்டுக்கு எடுத்துச் சென்று, படம் பிடித்து இணையத்திலேயே விற்கலானார்கள். எனவே வணிகர் அழிந்தார் என்பது பொருந்தாது. அழிந்தது கண்ணாடிப் பெட்டியும் அதன் முன்னே நிற்க இடமுமே.

இழப்பு எங்கே மிகுதி என்றால், தபால் முத்திரையில். ஒரு தலையில் பதிந்த வட்ட முத்திரை, கடிதம் எந்த ஊரில், எந்த நாளில் புறப்பட்டது என்று சொல்லும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயின. அங்கிருந்த தமிழர் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் வாழ்ந்த ஊர்களின் பெயரும் நாளும் ஒருங்கே நிற்கும் சிறு ஆவணங்களுள் இம்முத்திரையும் ஒன்று. உள்ளூர்க் கடைக்காரர் இதனை அறிவார். ரெங்கம் முத்திரை தெளிவாக விழுந்த எட்டு செண்டுத் தலையைத் தனியே எடுத்து வைப்பார். அதே தலையை இன்று கைப்பேசித் திரையில், வேறு நாற்பது தலைகளோடு ஒரே பொட்டலமாக, ‘பழையது, பயன்படுத்தியது’ என்னும் குறிப்போடு காணலாம். முத்திரை சுல்தானின் முகத்தை மறைக்கிறது என்பதால் விலையிலும் சிறிது குறைத்திருப்பார்கள்.