சேது யாத்திரை

இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலுக்கு வந்த அடியார்கள் அங்கே நின்றுவிடாமல், தீவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள தனுஷ்கோடிவரை, அதாவது சேதுவரை, சென்று கடலாடுவது மரபு. ஸ்பெயினில் சந்தியாகோ தேவாலயத்தைத் தரிசித்தவர்களில் சிலர் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் மேற்கே நடந்து பினிஸ்தெரே கடல்முனைக்குப் போவதுண்டு. அது அவரவர் விருப்பம். சேதுவிலோ கடலாடுதல் யாத்திரையின் ஓர் அங்கம்.

வங்காள விரிகுடாவை மகோததி என்றும் மன்னார் வளைகுடாவை இரத்நாகரம் என்றும் புராண வழக்குக் கூறும். இவை கூடுமிடத்தில் நீராடி, மணலெடுத்து, பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்தால்தான் காசி யாத்திரை முழுமை பெறும் என்பது ஐதிகம். கால்நடையாகப் போனவர்களுக்கு இது மாதக்கணக்கான பயணம். வழியில் கள்வர் பயம் வேறு. 1605 அளவில் மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றபோது யாத்திரிகர் காவலும் அவர் பொறுப்பாயிற்று. பின்வந்த சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் தம் நாணயங்களில் ‘சேது’ என்றே பொறித்தனர். இக்கடலுக்கு இருகரையிலும் உரிமைகோரியோர் இருந்தனர்.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற்சேவையும் தொடங்கின. கொழும்பில் இரவுப் புகையிரதம் ஏறியவர் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார். இந்தியப் பக்கத்தவருக்கு யாத்திரையின் முடிவாயிருந்த கடல் ஈழத்தவருக்கு அதன் தொடக்கமாயிற்று: முதலில் சேது, பிறகே கோயில். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஏர் சிலோன் விமானம் பறக்கத் தொடங்கியதும், வசதி படைத்தோரின் வழியில் சேது வராமலே போயிற்று.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் புகையிரதத்தைக் கடல் கொண்டது. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊர் குடியிருக்கத் தகாததென அரசு அறிவித்தது. வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் தப்பியது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் போர்ச்சூழலில் நின்றது.

புயலுக்குப் பிந்திய அரை நூற்றாண்டில் சேதுவுக்குப் போவது மறுபடியும் சிரமமாயிற்று. முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்தது. அதற்கப்பால் மணலில் நடக்கவேண்டும், அல்லது வேனில் குலுங்கவேண்டும். இதனாலேயே பலர் கோயிலின் கிழக்கேயுள்ள அக்னி தீர்த்தத்தில் கடலாடித் திரும்பும் பழக்கம் வலுத்தது. 2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று அங்கே கூடுவோரில் யாத்திரிகரைவிடச் சுற்றுலாப் பயணிகளே மிகுதி என்று தோன்றும். மரபுக்கு அது இழப்பே.

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 2023 அக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கியது; பழைய சேது வழியில் கப்பல் இன்னும் ஓடவில்லை.