தோல் தானே தயாரிக்கும் கொழுப்பு செராமைடு: களிம்பு உறையில் கவனிக்க வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை: மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்று, கேரளத்தின் எல்லையோரத் தமிழ்ப் பகுதியான கொழிஞ்சாம்பாறையில் உதட்டை வெடிக்கச் செய்து, கை கால்களை வெள்ளை பூக்க வைக்கிறது. இத்தகைய வறட்சிக்கென விற்கப்படும் களிம்புகளின் உறைகளில் இப்போது அடிக்கடி காணப்படும் பெயர் 'செராமைடு'.

இது வெளியிலிருந்து வந்த புதுமைப் பொருள் அன்று. மனிதத் தோல் தானே தயாரிக்கும் கொழுப்பு வகை. தோலின் மேலடுக்கில் இறந்த உயிரணுக்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கிடையே சாந்தாக அமைவது செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றின் கலவை. எடைக் கணக்கில் இக்கலவையின் ஏறத்தாழ பாதி செராமைடு ஆகும். சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது. சோப்பும் தூசியும் எளிதில் உட்புகுந்து அரிப்பை உண்டாக்குகின்றன. ஒவ்வாமைத் தோலழற்சி உள்ளவர்களின் மேல்தோலில் செராமைடு குறைந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1991ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

களிம்புகளில் சேர்க்கப்படும் செராமைடு பெரும்பாலும் நொதித்தல் முறையிலோ வேதியியல் முறையிலோ தயாரிக்கப்படுகிறது. அதன் அமைப்பு தோலில் உள்ளதை ஒத்திருப்பதால் 'தோலை ஒத்த கொழுப்பு' என அழைக்கப்படுகிறது. அரிசித் தவிட்டிலும் கோதுமையிலும் இதன் உறவுப் பொருள்கள் உண்டு. நெல் விளையும் பாலக்காட்டுக்குத் தவிடு புதிதல்ல. எனினும் தவிட்டைப் பூசுவதால் செராமைடு கிடைத்துவிடாது.

செராமைடு மட்டும் இருந்தால் போதுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்க மருத்துவர் பீட்டர் எலியாஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட எலிகள் மீதான ஆய்வில், மூன்று கொழுப்புகளில் ஒன்றை மட்டும் பூசியபோது தோலின் தடுப்பரண் சீரடைவது தாமதமானது. மூன்றும் சேர்ந்தபோது சீராக்கம் தடையின்றி நடந்தது. எனவே உறையின் முகப்பில் உள்ள பெரிய எழுத்தைவிட, பின்புறத்துப் பொடி எழுத்துப் பட்டியலே பயனுள்ளது. கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலமும் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஆனால் ஒரு சிக்கல்: ஒரு சதவீதத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் குறிப்பிடப்படும், அதற்கும் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். செராமைடு பெரும்பாலும் இரண்டாவது வகையில் அடங்குவதால், பட்டியலில் அதன் இடத்தை வைத்து அளவை அறிய முடியாது.

கூந்தலின் கதை வேறு. முடியின் வெளிச் செதில்களை ஒட்டவைக்கும் கொழுப்பில் செராமைடு சிறிதளவு உள்ளது. சாயமும் வெப்பமும் அக்கொழுப்பைச் சிதைக்கின்றன. கண்டிஷனரில் சேரும் செராமைடு செதில்களின் மேல் படிந்து வழவழப்பைக் கூட்டும். உயிரற்ற முடியைப் புதுப்பிக்காது. இவ்விடத்தில் தேங்காய் எண்ணெய்க்கே வலுவான சான்று உள்ளது. அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதாக மும்பை ஆய்வாளர்களின் 2003ஆம் ஆண்டு ஆய்வு கண்டது.

கையில் காசு குறைவாக இருக்கும் வீடுகளில் விலை உயர்ந்த களிம்புக்குப் பதிலாக, குளித்தவுடன் ஈரம் உலருமுன் பெட்ரோலியம் ஜெல்லி பூசுவதும் நீர் ஆவியாவதைத் தடுக்கும். குழந்தைகளின் தோலில் நீர் வடிதல், மஞ்சள் பொருக்கு, தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு ஆகியவை தென்பட்டால் அழகுசாதனக் களிம்பை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.