நெல்லி: தகடூர் நாட்டு வரலாறு

நெல்லி: மலைக்காடுகளில் தானாக வளர்வதும் தோட்டங்களில் பயிரிடப்படுவதுமான இலையுதிர் மரம். இதன் காய் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் முதன்மையான மருந்துச் சரக்குகளுள் ஒன்று. தாவரவியலார் இதைப் பில்லாந்தஸ் எம்பிளிகா என்பர். முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது பில்லாந்தேசியே என்னும் தனிக் குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. பெருநெல்லி, காட்டுநெல்லி, மலைநெல்லி, ஆமலகம் என்பன இதன் வேறு பெயர்கள். கொல்லைப்புறங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அரிநெல்லி வேறு இனம்.

இலைகள் புளிய இலைபோல் மிகச் சிறியவை. வெளிர்பச்சைக் காயின் மேல் ஆறு வரிகள் ஓடும். வேகவைத்தால் அவ்வரிகளிலேயே சுளைசுளையாகப் பிரிந்து கொட்டை தனியே வந்துவிடும். கடித்தவுடன் துவர்ப்பும் புளிப்பும் தெரியும். பின்னர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் அது இனிக்கும்.

சங்க காலம்

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்தான். புறநானூற்றின் 91ஆம் பாடலில் ஔவையாரே இதைப் பாடியுள்ளார். மலைப்பிளவில், எட்டுதற்கரிய இடத்தில் விளைந்த கனி அது என்றும், சாவை நீக்கும் அதன் பயனை வெளியே சொல்லாமல் தன்னுள் அடக்கிக்கொண்டு தந்தான் என்றும் அப்பாடல் கூறுகிறது. கொடையின் பெருமை கனியில் மட்டும் இல்லை. பெறுபவர் மறுக்க இடம் தராத அந்த மௌனத்திலும் உள்ளது.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, வள்ளல்கள் எழுவரைச் சொல்லும் இடத்தில் அதியமானை இக்கொடையாலேயே அடையாளப்படுத்துகிறது. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருக்குறளின் நூறாம் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், இனிய கனிக்கு எடுத்துக்காட்டாக ஔவை உண்ட நெல்லிக்கனியையே காட்டினார்.

கனி விளைந்த மலை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதியர் குடியோடு தொடர்புபடுத்தப்படும் குதிரைமலை என்பர் சிலர். சேலத்தை அடுத்த, சித்தர் வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற கஞ்சமலை என்பர் வேறு சிலர். அது கருநெல்லி என்னும் அரிய வகை என்பது பிற்கால வழக்கு. பாடலில் அச்சொல் இல்லை. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் புலவர் பலர் இருந்தனர் என்பது பெரும்பாலோர் கொள்கை. பின்னாளைய ஔவையின் நீண்ட ஆயுளுக்கு இக்கனியைக் காரணமாகக் கூறும் கதை, இவர்களை ஒருவராகக் கருதியதால் எழுந்திருக்கலாம்.

அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூறு (99) கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. நெல்லியும் கரும்பின் வெல்லமும் சேர்ந்ததே பின்னாளைய நெல்லிக்காய் லேகியம். இரண்டும் இலக்கியத்தில் ஒரே குடியின் பெயரோடு வருகின்றன.

அதியமானைப் பற்றிய கல்வெட்டுச் சான்று 1981இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் கிடைத்தது. சதியபுதோ என்னும் பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழியை (குகை உறைவிடத்தை) குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அது. அதன் காலத்தைப் பொ.மு. 3ஆம் நூற்றாண்டு என்பாரும், அதற்குப் பிற்பட்டது என்பாரும் உளர். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சதியபுத்திரரும் இடம்பெறுகின்றனர். இந்நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டது, இல்லாத இடங்களில் மூலிகைகளும் கிழங்குகளும் பழங்களும் கொண்டுவந்து நடப்பட்டன என்பது அதன் செய்தி. சதியபுத்திரர் அதியரே என்றால், மூலிகை வளர்ப்பு பற்றிய தொன்மையான அரசாணை ஒன்றில் தகடூர் நாட்டுக்கும் பங்குண்டு.

மருத்துவ நூல்களும் இடைக்காலமும்

சரக சம்ஹிதை நெல்லியை முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துகளுள் சிறந்ததாகச் சொல்கிறது. அதிலுள்ள சியவனப்பிராச லேகிய முறைக்கு 500 நெல்லிக்காய்கள் வேண்டும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலா. சித்தர் மரபில் நெல்லி பித்தம் தணிப்பது, உடலை நெடுநாள் காக்கும் காயகற்பமாவது. வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு) 15 படுக்கை கொண்ட மருத்துவமனையையும், திரிபலாச் சரக்குகளுள் ஒன்றான கடுக்காய் சேர்ந்தவை உட்பட அங்கு வைத்திருந்த மருந்துகளையும் பட்டியலிடுகிறது. கிணற்று நீர் தெளியவும் இனிக்கவும் நெல்லிக் கட்டையை அடியில் இடும் வழக்கம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டு

குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தினர் நெல்லியின் வைட்டமின் சி வளத்தை ஆராய்ந்தனர். 1944இல் நேச்சர் இதழில் இது குறித்த ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. 1939-40இல் வட இந்தியாவின் ஹிசார் பஞ்சத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு நெல்லி கொடுக்கப்பட்டதையும் நூல்கள் குறிக்கின்றன. குன்னூர்க் கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

அந்நிறுவனத்தின் பழைய உணவுச்சத்து அட்டவணை 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்றது. 2017ஆம் ஆண்டு அட்டவணை ஏறத்தாழ 252 மில்லிகிராம் என்கிறது. வகை, பருவம், சோதனை முறை ஆகியவை வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். காயிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் வைட்டமின் சி சூட்டில் அழியாமல் காக்கின்றன என்ற கருத்தும் முடிவாகவில்லை. குறைந்த அளவையே கொண்டாலும், நாள்தோறும் உண்ணத்தக்க மலிவான காய்களில் நெல்லிக்கு உயர்ந்த இடம் உண்டு.

1944இல் சென்னையில் இந்திய மருத்துவர்களின் கூட்டுறவு மருந்து நிறுவனமான இம்காப்ஸ் தொடங்கப்பட்டது. 1949இல் டாபர் நிறுவனம் சியவனப்பிராசத்தை வணிகப் பெயரில் விற்கத் தொடங்கியது. 1983இல் தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் உருவானது. வீட்டில் கிளறிய லேகியம் இவ்வாறு புட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்தது.

இன்றைய நிலை

தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சித்தேரி மலைப்பகுதியில் காட்டுநெல்லி உண்டு. மலைவாழ் மக்கள் கடுக்காய், புளியோடு அதையும் சேகரிப்பர். தோட்டங்களில் பவானிசாகர் ஆராய்ச்சி நிலைய வெளியீடான பி.எஸ்.ஆர். 1, வடநாட்டு என்.ஏ. 7 போன்ற ஒட்டு வகைகள் நடப்படுகின்றன. கேழ்வரகுக் களி உண்ணும் இம்மாவட்டத்தில் நெல்லித் துவையலைத் தொட்டுக்கொள்வதில் பொருளுண்டு: தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணைசெய்கிறது.

நெல்லிச் சாறு, பொடி, மாத்திரை ஆகியவை இப்போது ஊட்டச்சத்துப் பொருளாக விற்பனையாகின்றன. இரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறினாலும், உறுதியாகச் சொல்லப் பெரிய ஆய்வுகள் தேவை. லேகியத்தில் சர்க்கரை மிகுதி. நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே இவற்றைத் தொடங்க வேண்டும்.

நெல்லியிலிருந்து செய்த சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். உணவாகவும் ஊட்டச்சத்துப் பொருளாகவும் விற்பவற்றுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமோ பதிவோ வேண்டும். ஊட்டச்சத்துப் பொருள் விதிகள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய இடம் தருவதில்லை.