சாசேஜ் நஞ்சு நெற்றிக்கு வந்த கதை

முகத்தைக் காட்டிப் பிழைக்கும் தொழில் என்னுடையது. ஆனாலும் இன்று பேச வந்தது என் முகத்தைப் பற்றி அல்ல. எங்களுக்கு ஒப்பனை செய்துவிடும் அக்காவைப் பற்றி. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்கு வருபவர். நெற்றிச் சுருக்கம் போக ஓர் அழகுநிலையத்தில் மூன்று முறை 'போட்டோக்ஸ்' ஊசி போட்டுக்கொண்டார். முதல் ஊசி நான்கு மாதம் நின்றது. மூன்றாவது மூன்று வாரம்கூட நிற்கவில்லை. "உடம்புக்குப் பழகிப் போச்சு. அடுத்த தடவை டபுளா போடலாம், விலையும் குறைச்சுத் தர்றேன்" என்றார்களாம்.

"நெசமாவே பழகிப் போகுமா தங்கச்சி?" என்று அக்கா கேட்டார். பதில் தேடப் போய் 200 ஆண்டுக் கதைக்குள் விழுந்தேன்.

இந்த மருந்து பிறந்தது சமையலறையில். ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் தின்றவர்கள் அடிக்கடி இறந்தார்கள். அங்கே அரசு மருத்துவராக இருந்த யுஸ்டினுஸ் கெர்னர் 1820இலும் 1822இலும் அந்த நோயை விரிவாக எழுதி வைத்தார். இமை தொங்கும், வாய் உலரும், விழுங்க முடியாது, தசைகள் தளரும். புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். மனிதர் அந்த நஞ்சைத் தாமே கொஞ்சம் சுவைத்தும் பார்த்தார்! மிகச் சிறிய அளவில் கொடுத்தால் துடிக்கும் நரம்புகளை இது அடக்கலாம் என்று அப்போதே எழுதினார். அவர் ஒரு கவிஞரும்கூட. லத்தீனில் சாசேஜுக்குப் 'பொட்டுலுஸ்' என்று பெயர். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அதிலிருந்து வந்தவைதான்.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவு வீடு. நம் ஊர் மேளக்காரர்கள் போல அங்கே வாத்தியம் வாசிக்க வந்தவர்களுக்குப் பதப்படுத்திய பன்றி இறைச்சி பரிமாறப்பட்டது. பலருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தது, மூவர் இறந்தார்கள். கெண்ட் நகரப் பேராசிரியர் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்து 1897இல் வெளியிட்டார்.

நஞ்சை மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவை இல்லாமல் நேராக்க 1970களில் இதை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். அமெரிக்க அரசு 1989இல் அனுமதி தந்தது. அழகுக்கு வழிகாட்டியது கனடாவின் வான்கூவரில் ஒரு நோயாளி. 1987இல் இமைத் துடிப்புக்காகக் கண் மருத்துவர் ஜீன் கேரதர்ஸிடம் ஊசி போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், "புருவ நடுவில் ஏன் போடவில்லை? போட்டால்தான் கவலையில்லாத முகமாக இருக்கிறது" என்ற பொருளில் குறைப்பட்டாராம். ஜீனும் தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டேரும் 1992இல் கட்டுரை எழுதினார்கள். 2002 ஏப்ரலில் அமெரிக்கா அழகுக்கும் அனுமதித்தது.

இனி அக்காவின் கேள்வி. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை இந்த நஞ்சு தடுக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் நரம்பு தன் வழியை மீட்டுக்கொள்கிறது. ஆகவே ஊசியின் பலன் தீர்வது இயற்கை. அதைப் 'பழகிப் போச்சு' என்று சொல்லக்கூடாது. உண்மையில் பழகுவதும் உண்டு. கழுத்துத் தசை முறுக்கும் நோயாளிகளுக்கு அதிக அளவில், அடிக்கடி ஊசி போட்டபோது சிலர் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகி மருந்து வேலை செய்யாமல் போனது. 1979இல் தயாரித்த ஒரே தொகுதிதான் 1997 வரை பயன்பட்டது. அதில் 100 யூனிட்டுக்கு 25 நேனோகிராம் புரதம். புதிய தொகுதியில் அதை 5 ஆகக் குறைத்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

புருவ நடுவுக்கு வழக்கமான அளவு 20 யூனிட். அந்த அளவில் எதிர்ப்பு உருவாவது அரிது. இப்போது தாடையை ஒடுக்கவும் கெண்டைக்காலை மெலிய வைக்கவும் கூடுதலாகப் போடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் கூடுகிறது. எதிர்ப்பு வந்துவிட்டது என்றால் அளவை இரட்டிப்பதும் இடைவெளியைக் குறைப்பதும் எரிகிற தீயில் எண்ணெய். 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மனிதருக்கு ஆகாத ஆய்வுக்கூட நஞ்சை ஏற்றிக்கொண்ட நால்வர் கைகால் விழுந்து மூச்சுக் கருவியில் கிடந்தார்கள்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. நெற்றியைச் சுருக்கினால் மட்டும் தெரியும் கோடு தசையினால் வருவது. சும்மா இருக்கும்போதும் தெரிவதற்கு வெயிலும் ஒரு பெரிய காரணம். அதை இந்த ஊசி முழுதாகத் தீர்க்காது. முகப்பருவுக்கு வந்த டிரெட்டினோயின் களிம்பு நுண்சுருக்கத்தையும் மங்க வைக்கும் என்று 1988இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மருத்துவர் எழுதித் தரவேண்டும்; கர்ப்பிணிகளுக்குக் கூடாது. லேசர் உண்டு, ஆனால் நம் போன்ற மாநிறத் தோலில் கரும்புள்ளி விழலாம், அனுபவமுள்ள கை வேண்டும். பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி இரத்தக் குழாயில் ஏறினால் கண்ணே போகலாம். மலிவானது வெயில் தடுப்புக் களிம்பு. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவு. வெயிலில் நனையும் பினாங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? பெயர் தெரியாத வெள்ளைக் களிம்பு மட்டும் வேண்டாம். அதில் பாதரசம் இருக்கும் என்று நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருக்கிறது.

அக்காவை ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "எந்த மருந்து? எத்தனை யூனிட்? போட்டவர் டாக்டரா?" என்று கேட்டார். அக்காவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். பதிவெண் புட்டியில் இருந்ததா என்பதும் தெரியாது. "அப்படியானால் மருந்து பழகிப் போனதா, மூன்றாவது புட்டியில் மருந்தே இல்லையா என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார் டாக்டர். ஆறு மாதம் ஊசி வேண்டாம் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

பெர்ரிக்கு நடக்கும்போது அக்கா மூன்று ஊசிக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அழகுநிலையத்திலிருந்து இன்னும் குறுஞ்செய்தி வருகிறதாம், இந்த மாதம் தள்ளுபடி என்று.