நாக்கு காட்டிக்கொடுக்கும் தெரு

கோவில்பட்டியிலிருந்து எங்கள் புதூருக்கு வரும் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால், முதலில் வரும் கேள்வி "எந்த ஊரு?" என்பதுதான். பதில் சொல்வதற்கு முன்பே நம் பேச்சு பாதியைச் சொல்லிவிடும். 'வந்தாவ, சொன்னாவ' என்றால் திருநெல்வேலிப் பக்கம். 'வந்தாக, சொன்னாக' என்றால் கரிசல், ராமநாதபுரம் பக்கம். 'ஏனுங்க' என்றால் கொங்கு. 'வந்துக்கினு' என்றால் சென்னை. இதுவரைக்கும் யாருக்கும் வருத்தமில்லை. அடுத்த கேள்விதான் சங்கடம். "ஊருக்குள்ளயா, வெளியயா? யார் வீட்டுக்குப் பக்கத்துல?" அதுக்கும் பிடிகொடுக்காவிட்டால் நேராகவே வரும்: "நீங்க என்ன ஆளுக?"

பேச்சை வைத்து ஆளின் இடத்தைக் கண்டுபிடிப்பது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். நம் நாட்டில் 'இடம்' என்பதே இரண்டாகக் கிடக்கிறது: ஊர் ஒன்று, சேரி ஒன்று. அதனால் நம் பேச்சு காட்டிக்கொடுப்பது ஊரோடு நிற்பதில்லை, தெருவரைக்கும் போகிறது. இந்த வரலாற்றை 'வட்டார வழக்கு' என்ற ஒற்றைச் சொல்லால் நாம் மூடி வைத்திருக்கிறோம்.

கரிசல் பேச்சுக்குத் தமிழில் பெரிய மரியாதை உண்டு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982-இல் கொண்டுவந்தார். அரசோ பல்கலைக்கழகமோ செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு விவசாயி செய்து முடித்தார். அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. அதற்குப் பிறகு கொங்கு, நடுநாடு, நாஞ்சில் என்று பல பகுதிகளின் சொற்கள் தொகுக்கப்பட்டன. 'கொச்சை' என்று ஒதுக்கப்பட்ட பேச்சு இலக்கியமானது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரு வட்டாரத்துக்குள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்களா? பேச விடப்பட்டார்களா?

மொழியியலாளர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. தமிழில் சாதிக்கும் கிளைமொழிக்கும் உள்ள உறவைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளாக் 1910-லேயே ஒரு கட்டுரை எழுதினார். 1960-களில் ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் பிராமணர் பேச்சையும் பிராமணர் அல்லாதார் பேச்சையும் ஒப்பிட்டார்கள். 'ஆத்துக்கு' எதிரில் 'வீட்டுக்கு', 'தீர்த்தம்' எதிரில் 'தண்ணி' என்று நமக்கெல்லாம் தெரிந்த வேறுபாடுகள்தான். அந்தக் கணக்கில் பெட்டிகள் இரண்டே. சேரிக்காரரும், அவரைச் சேரியில் வைத்தவரும் 'பிராமணர் அல்லாதார்' என்ற ஒரே பெட்டிக்குள் போனார்கள். அரசியலில் பல காலம் நடந்ததுதான் ஆய்விலும் நடந்தது.

இந்தப் பெட்டியை உடைத்துப் பார்த்த ஓர் ஆய்வு வடக்கே நடந்தது. உத்தரப்பிரதேசத்தின் சகாரன்பூர் மாவட்டத்தில் உள்ள கலாப்பூர் என்ற கிராமத்தின் பேச்சை ஆராய்ந்து ஜான் கம்பர்ஸ் 1958-இல் எழுதினார். அந்த ஊரின் தீண்டத்தக்க சாதிகளுக்குள் பேச்சில் பெரிய வேறுபாடு இல்லை. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடுகூடப் பேச்சில் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் சமார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகிய தீண்டப்படாத மக்களின் பேச்சு தனியாக நின்றது. இத்தனைக்கும் அவர்கள் பகல் முழுக்க நிலக்காரர்களின் வயலிலும் வாசலிலும் வேலை செய்தவர்கள். நாள்தோறும் காதில் விழுந்த பேச்சு ஏன் நாக்கில் ஒட்டவில்லை? வேலைக்காகப் பேசுவது பேச்சை ஒன்றாக்குவதில்லை என்பதுதான் கம்பர்ஸ் கண்ட விடை. கூட விளையாடுவது, சேர்ந்து உட்கார்ந்து கதை பேசுவது, நட்பு கொள்வது ஆகியவைதான் பேச்சை ஒன்றாக்குகின்றன. அந்த வாசல் அடைத்துக் கிடந்தது.

இதைப் படிக்கும் யாருக்கும் தன் ஊர் ஞாபகத்துக்கு வரும். கம்பும் பருத்தியும் விளைந்த காட்டில் ஒன்றாகக் களை எடுத்தோம். ஒரே திண்ணையில் உட்கார்ந்தோமா? நம் பேச்சு வேறாக இருந்தது என்றால் குறை நம் நாக்கில் இல்லை. நடுவே நின்ற சுவர்தான் காரணம்.

சுவர் மட்டுமல்ல, கட்டாயமும் இருந்தது. எப்படிப் பேச வேண்டும் என்பதே நம் மக்களுக்கு விதிக்கப்பட்டது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871-இல் ஒரு நூல் வெளியிட்டார். புலையர்கள் மேல்சாதியார் முன்னால் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அதில் பதிவு செய்திருக்கிறார். தன் சோற்றைச் சோறு என்று சொல்லாமல் அழுக்குக் கஞ்சி என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளையைக் கன்று என்றோ குரங்கு என்றோ சொல்ல வேண்டும். மூச்சுக்காற்று எதிரே நிற்பவர் மேல் படாமல் வாயைப் பொத்திக்கொண்டு பேச வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்தத் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. தூரத்துக் கதை இல்லை இது.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் 8 தடைகள் விதித்தார்கள். நகை கூடாது, முழங்காலுக்குக் கீழ் துணி கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. 1931 ஜூனில் அது 11 தடைகளாக வளர்ந்தது. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஜே.எச். ஹட்டன் தன் நூலில் இந்தப் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். எழுத்தைத் தடுத்துவிட்டு, பிறகு "இவனுக்கு வாயில தமிழே வரலை" என்று சிரிப்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

இப்போது 'வட்டார வழக்கு' என்று நாம் ரசிக்கும் சொற்களை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஏலே', 'வாலே' என்பதைத் தென்னாட்டின் பாசச் சொல் என்று சினிமா காட்டுகிறது. கூட்டாளிகளுக்குள் அது பாசம்தான். அறுபது வயதுக்காரரை, பேரன் வயசுள்ள ஒரு பையன் "வாலே" என்று கூப்பிட்டால் அது என்ன? அந்தப் பெரியவர் "இந்தா வாரேன் சாமி" என்று போக வேண்டியிருந்ததே, அது எந்த வட்டாரத்தின் வழக்கு? 'வாங்க' கீழேயிருந்து மேலே மட்டும் போனது. 'வா' மேலேயிருந்து கீழே மட்டும் வந்தது. சொல்லகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும். யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதைச் சொல்லாது. சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். ஒருமையில் கூப்பிட்டதைப் புகாராக எழுத வைப்பது லேசான காரியமில்லை.

தெலுங்கைப் பற்றியும் பேச வேண்டும். கரிசல் காட்டில் வீட்டில் தெலுங்கு பேசும் சாதிகள் பல. எட்டயபுரம் ஜமீனும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையமும் தெலுங்கு பேசிய குடும்பங்களுடையவை. கி.ரா. வீட்டிலும் தெலுங்குதான். அந்தத் தெலுங்கு வரலாறு, வம்சம், குலதெய்வக் கதை என்றெல்லாம் கொண்டாடப்படுகிறது. அதே மண்ணில் அருந்ததியர் பலரின் வீட்டிலும் தெலுங்குதான். அந்தத் தெலுங்கை மட்டும் 'வந்தேறி' என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமானபோதும் இந்தப் பேச்சைக் கேட்டோம். 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் கேட்கிறோம். இதைச் சொல்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். ஒரே மொழி அரண்மனையில் இருந்தால் பெருமை, தோல் தைக்கும் வீட்டில் இருந்தால் குற்றம் என்றால், பிரச்சினை மொழியில் இல்லை.

அமெரிக்காவிலும் பேச்சைக் கேட்டு ஊர் சொல்லும் விளையாட்டு உண்டு. தெற்கத்தியார் இழுத்துப் பேசுவார், பாஸ்டன்காரர் 'ர்' ஒலியை விழுங்குவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை 1999-இல் தாமஸ் பர்னல், வில்லியம் இட்சார்டி, ஜான் பா ஆகிய மூவர் காட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வாடகை வீட்டு விளம்பரங்களைப் பார்த்து ஒரே ஆள் மூன்று விதமான ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசினார். வெள்ளையர் நிறைந்த பகுதிகளில், கறுப்பின மக்களின் பேச்சிலும் மெக்சிக வம்சாவளியினரின் பேச்சிலும் கேட்டபோது வீடு பார்க்க வரச் சொன்னவர்கள் குறைந்துபோனார்கள். 'ஹலோ' என்ற ஒரு சொல்லைக் கேட்டே பெரும்பாலானோர் பேசுபவரின் பேச்சு எந்த வகை என்று கண்டுபிடித்தார்கள். முகம் பார்க்கவில்லை, பெயர் கேட்கவில்லை, நாக்கே கதவைச் சாத்திவிட்டது. நம் பக்கத்து டவுன்களில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த ஆய்வை விளக்கத் தேவையில்லை.

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரத்தில் கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைக் குறையாகப் பார்ப்பதால் அவர்களுக்குப் படிப்பு ஏறாமல் போகிறது என்பது வழக்கு. 1979-இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அந்த வீட்டுப் பேச்சைக் கணக்கில் எடுக்க நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் வகுப்பறைகளுக்கு வருவோம். தென் மாவட்டங்களில் பெரும்பாலானோர் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கும். பளம், மளை, வாளைப்பளம். இதில் சாதி வித்தியாசம் அதிகமில்லை. கள வேலைக்காகப் போன ஒரு பள்ளியில் நான் பார்த்தது இது. ஊர்ப் பிள்ளை 'மளை' என்று வாசித்தபோது ஆசிரியர் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனார். காலனிப் பிள்ளை அதே 'மளை'யை வாசித்தபோது "வீட்டுல பேசுற மாதிரி இங்க பேசாதே" என்றார். தவறு ஒன்றுதான். ஒருத்திக்குத் திருத்தம், இன்னொருத்திக்கு வீட்டு முகவரி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அன்று வாயைத் திறக்கவில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்றது. அது நடக்க வேண்டும். ஆனால் கயிற்றை வாசலில் கழற்றி வைக்கலாம், நாக்கைக் கழற்றி வைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைத் தடுத்தால், காதுக்குக் கேட்கும் அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதை நிறுத்த வேண்டியது கேட்பவரின் காதில்.

இந்த அவமானத்துக்கு நம் முன்னோர் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, செந்தமிழை நம் கையில் எடுத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, இலக்கணமும் பழைய நூல்களும் நம்முடையவை என்று வாதாடினார். எல்லிஸ் துரையின் காலத்தில் அச்சேறுவதற்குத் திருக்குறள் சுவடியைக் கொடுத்தவர் தன் பாட்டனார் கந்தப்பன் என்று அவரே எழுதினார். தமிழ் வராதவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் தமிழுக்கே உரிமை கேட்டார்கள்.

இன்னொன்று, தெருப் பேச்சை அப்படியே அச்சுக்குக் கொண்டுபோனது. கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிப்பட்டியில் பிறந்த பூமணி 1979-இல் 'பிறகு' நாவலில், தோல் வேலை செய்யும் அழகிரி என்பவரை நடுவில் நிறுத்தினார். கரிசல் விவசாயம் என்றால் சம்சாரி மட்டும்தான் என்ற கதை அங்கே மாறியது. கமலையில் தண்ணீர் இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்த கைகளுக்கும் பேச்சு உண்டு என்று தெரிந்தது. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992-இல் 'கருக்கு' எழுதியபோது, உரையாடல்களை மட்டுமல்ல, கதை சொல்லும் மொழியையே நம் பேச்சாக வைத்தார். கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடம்.

இரண்டு வழியும் நமக்கு வேண்டும். நம் பிள்ளைகள் எழுத்துத் தமிழைத் திருத்தமாகக் கற்கட்டும், அது அவர்களின் சொத்து. அதற்காக வீட்டில் ஆத்தா பேசும் பேச்சை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. வட்டாரச் சொற்களைத் தொகுப்பவர்கள் காலனிக்கும் வரட்டும். சொல்லை எழுதும்போது யார் யாரிடம் சொன்னது என்பதையும் எழுதட்டும். கமலையும் போய், தோல் வேலையும் குறைந்து, அந்தத் தொழிற்சொற்கள் நம் தாத்தாக்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. செல்போனில் பதிவு செய்ய இன்றைக்கு ஒரு பைசாச் செலவில்லை. நம் இளைஞர்கள் இதை ஆரம்பிக்கலாம்.

ஊர்க்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் பெரியவர்களை 'வாங்க' என்று கூப்பிடுங்கள். அதற்கு அகராதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.