சைக்கிளும் தீப்பெட்டியும்: நம்ம திருச்சித் தொகுதியில் ஓட்டுக் கேட்ட கதை



அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் பேசினார். அங்கே காங்கிரஸ் சபைக்கு நடக்கும் கடும்போட்டித் தேர்தல்களில் வாக்காளரிடம் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று திட்டம் போடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்களாம். "நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்ப சார் வந்துச்சு?" என்று கேட்டார். "வெளியிலேருந்து வரலப்பா, இங்கேயே இருந்ததுதான்" என்றேன். போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். 45 நிமிடப் பாடவேளையைத் தாங்கியவர்கள் நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கும் பதிவு அல்ல.

நம் தொகுதியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர், கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் இன்றைய திருச்சி நாடாளுமன்றத் தொகுதி. சித்திரை வீதிக்காரர், காந்தி மார்க்கெட் மூட்டை தூக்கும் தொழிலாளி, பெல் ஊழியர், கந்தர்வக்கோட்டை முந்திரி விவசாயி என எல்லோருக்கும் ஒரே எம்.பி. இத்தனை பேருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லி ஓட்டு வாங்க வேண்டும். சிரமம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. 1951 கணக்கெடுப்புப்படி நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் 18 பேர்தான். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். காங்கிரசுக்கு இரட்டைக் காளை. இன்று ஒரு கட்சிக்காரர் பெயரைச் சொல்லாமல் கையை விரித்தும், இரண்டு விரலைக் காட்டியும் ஓட்டுக் கேட்கிறாரே, அதற்கு வேர் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. அந்தத் தேர்தலில் திருச்சி ஜெயிக்க வைத்தது ஒரு சுயேச்சையை. அவர் பெயர் மதுரம். பெரிய கட்சி சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஊர் இது இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1956 மே மாதம் தி.மு.க.வின் மாநில மாநாடு திருச்சியில் நடந்தது. தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா என்று அண்ணா வந்தவர்களிடமே கேட்டார். சிவப்பு, கறுப்பு என இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர், வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். என் பார்வையில், திருச்சி பார்த்த மிகச் சிறந்த தேர்தல் உத்தி இதுதான். ஊராரிடம் ஓட்டுக் கேட்கப் போவதற்கு முன்னால் சொந்தக் கட்சிக்காரரிடம் கேட்டார்கள். தன்னைக் கேட்டு எடுத்த முடிவு என்றால் தொண்டன் அதைத் தன் முடிவாகவே சுமந்துகொண்டு போவான்.

1967 உங்களுக்குப் பாடத்திலேயே வந்தது. 1964 ஜனவரி 25 அன்று நம் திருச்சி ரயில் நிலையத்தின் முன்னால் கீழப்பழுவூர் சின்னச்சாமி மொழிக்காகத் தீக்குளித்தார். அடுத்த ஆண்டு மொழிப் போராட்டம். அதோடு அரிசித் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் வந்த வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? படி என்பது ஒவ்வொரு அடுப்படியிலும் இருந்த பாத்திரம். பொருளாதாரம் தெரியாத அம்மாவுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். ஜெயித்த பிறகு ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்க முடிந்தது. "மீதி இரண்டு படி எங்கே?" என்று எதிர்க்கட்சி கேட்டது, டீக்கடையும் கேட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லப்பட்ட வார்த்தை என்பதால்தான் அப்படிக் கேட்க முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

அதே தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வுடன் கூட்டணி. ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டுப் போடுங்கள் என்று அவர் சொன்னதாக ஸ்ரீரங்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே வேண்டுகோளை உத்தர வீதியில் ஒரு தி.மு.க. பேச்சாளர் வைத்திருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்? பொன்மலை ரயில்வே தொழிலாளியிடம் பேச ராஜாஜி போதாது. அங்கே தொழிற்சங்கத்திலிருந்து வந்த அனந்த நம்பியார் இருந்தார். 1962, 1967 இரண்டிலும் எம்.பி. அவர்தான். சொல்லும் வாய் மாறினால் ஒரே சேதியின் எடையும் மாறும்.

இனி சைக்கிள் கதை. அடைக்கலராஜ் 1984, 1989, 1991 மூன்று தேர்தல்களிலும் கை சின்னத்தில் ஜெயித்தவர். 1996இல் அ.தி.மு.க.வுடன் காங்கிரஸ் கூட்டு வைத்ததை எதிர்த்து, மார்ச் மாதக் கடைசியில் மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். ஏப்ரல் கடைசியில் ஓட்டுப்பதிவு. நம் எம்.பி. அங்கே போனார். கட்சி புதிது, சின்னம் புதிது, கையில் இருந்தது ஒரு மாதம்.

சேஷன் காலம் வேறு. சுவரில் எழுதினால் வழக்கு, இரவு பத்து மணிக்கு மேல் மைக் கிடையாது. சுவர் போனதும் கட்சிகள் திரையைப் பிடித்தன. ரஜினிகாந்த் சன் டி.வி.யில் தோன்றி தி.மு.க.-த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவு சொன்னார். 'அண்ணாமலை' படத்தில் பால்காரராக அவர் சைக்கிளோடு வந்தாரே, அந்தப் படம் போஸ்டராக வந்தது. புதுச் சின்னத்தை அறிமுகம் செய்ய வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அந்த வருடம் எனக்குத் தேர்தல் பணி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதானே பால்காரரு வண்டி?" என்றார். அதிகாரி பதில் சொல்லக் கூடாது, நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பதில் தேவையும் படவில்லை. அடைக்கலராஜ் ஜெயித்தார். போட்டியிட்ட 20 நாடாளுமன்றத் தொகுதிகளையும் த.மா.கா. வென்றது.

இரண்டே வருடம் போகட்டும். 1998இல் அதே அடைக்கலராஜ், அதே சைக்கிள், ரஜினியின் அதே ஆதரவு. தோற்றார். ஜெயித்தவர் பா.ஜ.க.வின் ரங்கராஜன் குமாரமங்கலம். அ.தி.மு.க.வினர் வீடு வீடாகத் தாமரையைத் தூக்கிப் போனார்கள். இந்த இரண்டு வருடத்துக்குள் டெல்லியில் வாஜ்பாய், தேவகவுடா, குஜ்ரால் என மூன்று பிரதமர்கள் வந்து போயிருந்தார்கள். நிலையான ஆட்சி என்ற பேச்சு எடுபட்டது. 1996இல் சைக்கிளை ஓட்டியது மக்களின் கோபம். கோபம் ஆறிய பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகரவில்லை. விளம்பரம்தான் ஜெயிக்க வைக்கிறது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு தேர்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1999இல் குமாரமங்கலம் மறுபடியும் ஜெயித்தார். இந்த முறை அவருக்கு ஓட்டுக் கேட்டவர்கள் தி.மு.க.வினர்! போன வருடம் எதிர்த்துக் கோஷம் போட்ட அதே வாய்கள். நம் மக்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஓட்டும் போட்டார்கள். அவர் 2000இல் காலமானார். 2001 இடைத்தேர்தலில் அ.தி.மு.க., பொதுத் தொகுதியான இதில் தலித் எழில்மலையை நிறுத்தி ஜெயித்தது. அங்கே வேட்பாளரே ஒரு சேதியாக இருந்தார்.

2024 உங்களுக்கே நினைவிருக்கும். ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் வேண்டுமானால் குறைந்தது இரண்டு தொகுதியில் நிற்க வேண்டும் என்பது விதி, நின்றதோ ஒன்றில். உதயசூரியனில் நின்றால் வேலை சுலபம் என்று தெரிந்தும் துரை வைகோ தனிச் சின்னம்தான் என்று நின்றார். தீப்பெட்டி கிடைத்தது. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. மூன்றே வாரத்தில் தீப்பெட்டி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்து, மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. படி, சைக்கிள், தீப்பெட்டி மூன்றுமே வீட்டுச் சாமான் என்பதைக் கவனித்தீர்களா?

இந்த முறை சேதி சேர்ந்த வழி பெரும்பாலும் கைபேசி. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

சுவரில் எழுதியதை எல்லோரும் படித்தோம். தென்னூர் உழவர் சந்தை மைதானத்தில் பேசியதை எல்லோரும் கேட்டோம். மறுநாள் அதை வைத்துச் சண்டை போட்டோம். கைபேசி அப்படி அல்ல. ஒரு சாதிக் குழுவுக்கு ஒரு சேதி, எதிர்வீட்டுக் குழுவுக்கு அதற்கு நேர்மாறான சேதி என்று அனுப்பலாம், ஒருவருக்குப் போனது மற்றவருக்குத் தெரியாது. ஃபேஸ்புக் பயனாளர் 8 கோடிப் பேருக்கு மேலானவர்களின் விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் கைக்குப் போனது 2018இல் வெளியே வந்ததே, அது எங்கோ நடந்த கதை என்று இருந்துவிடாதீர்கள். "மீதி இரண்டு படி எங்கே?" என்று ஊரே கேட்க முடிந்ததற்குக் காரணம், ஊரே அந்த வாக்குறுதியைக் கேட்டிருந்தது. காதோடு காதாகச் சொன்ன வாக்குறுதிக்கு யார் சாட்சி?

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தேர்தலில் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு சேதியையும் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை இந்த வேட்பாளர், ஸ்ரீரங்கத்துக்காரரும் பாலக்கரைக்காரரும் பொன்மலைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் மேடையில் மைக் பிடித்துச் சொல்வாரா? சொல்வார் என்றால் தாராளமாக அனுப்புங்கள், விவாதியுங்கள். சொல்ல மாட்டார் என்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1967, 1996 பற்றிக் கேட்டுக் கீழே எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், நினைவுகள் போதும். அனைவரும் நலமாக இருங்கள்.